வேண்டாம் என்றவளுக்கு மரியாதை

தெற்குச் சிலியில், எங்கள் ரன்கில்கோவில், நாற்பதைத் தாண்டியும் பித்தப்பையோடு நடமாடுகிற பெண்ணை ஊர் கொஞ்சம் சந்தேகமாகவே பார்க்கும். "இன்னுமா எடுக்கல?" என்று கேட்பார்கள், மூத்த பெண்ணுக்கு இன்னுமா கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிற அதே குரலில். கல் சேராத பித்தப்பை எங்கள் ஊரில் அபூர்வம். என் அம்மாவுக்கு எடுத்தாயிற்று. அக்காமாருக்கு எடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பித்தப்பை உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் பாதிரியாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் தூக்குவார்கள்.

என் பெயர் ஒதிலியா கேயுபுல். அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவள். எனக்கும் பித்தப்பையை எடுத்தார்கள், சுதந்திரத் திருநாள் விருந்தில் சுட்ட கறியும் இறைச்சி பொதிந்த எம்பனாதாவும் சாப்பிட்டுவிட்டு நான் தரையில் உருண்ட பிறகு. ஆனால் பை போவதற்குள் அதிலிருந்த ஒரு கல் நழுவிப் பித்தநாளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அது பக்கத்திலிருந்த கணையத்தைச் சீண்டிவிட்டது. கணையம் என்று ஒன்று எனக்குள் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து வேறு எதையும் நினைக்க அது விடவில்லை. அது என் மாமனார் மாதிரி. யாராவது தெரியாமல் இடித்துவிட்டால் போதும், வாரக்கணக்கில் கோபித்துக்கொண்டு வீட்டையே இரண்டு பண்ணிவிடுவார்.

கல்லை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் நாளம் சுருங்கிப்போனது. அது மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள். அந்தக் குழாயை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றுகிறவர் டாக்டர் லேயிவா, தெமூக்கோ நகரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் மட்டும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்மணி. "நாளம் திறந்தே இருக்கப் பழகுற வரைக்கும் இப்படித்தான், ஒதிலியா. மறந்துடாதீங்க. குழாய் அடைச்சா காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சல் ரத்தத்துல ஏறினா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதல் தடவை நான் அழுதேன். இரண்டாவது தடவை என் கணவர் செகுந்தோ அழுதார். அப்புறம் எனக்குத் தொழில் படிந்துவிட்டது. நகப்பூச்சு கூடாது, மோதிரம் கூடாது, வெறும் வயிறு. தொண்டையில் அடிக்கிற மருந்து அழுகிய வாழைப்பழம் மாதிரி ருசிக்கும், அதை விழுங்கப் பார்க்கக் கூடாது. கடிக்கக் கொடுக்கிற வளையத்தைப் பல்லால் சண்டை போடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். விழித்ததும் யாரிடமும் பேசாமல் முதலில் வயிற்றைக் கேட்க வேண்டும், மாமனார் எழுந்துவிட்டாரா இல்லையா என்று. அவர் எழவில்லை என்றால் அன்றைக்கு எனக்குப் பண்டிகை.

இதில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான கட்டம் ஒத்திவைப்பு. பட்டினியாகப் படுக்க வைத்து, பின்மதியம் ஒருவர் வந்து "இன்னிக்கு இல்ல ராணி, மெஷின் சரியில்ல" என்று (எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாப் பெண்களும் ராணிதான்) சொல்லி, சட்டையைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவார். இப்படி அனுப்பப்பட்டவர்களை ஆஸ்பத்திரி 'கவனிக்கப்பட்டவர்கள்' என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளும். போன வருடம் அவர்கள் மிக அதிகம் பேரைக் கவனித்ததற்காக ஒரு கேடயம் வாங்கினார்கள்.

நான் மறுத்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் நாட்டில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அது பெரும்பாலும் ஜெயிலுக்குள்ளிருந்து வருகிறது. உள்ளே இருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா. உங்கள் மகன் காரை மோதிவிட்டான், உடனே பணம் அனுப்பு என்று அழுவார்கள். செகுந்தோ விறகு விற்பவர், மழைக்காலத்தில் வீட்டில்தான் இருப்பார். இந்தத் திருடர்களைப் பேச்சிலேயே மடக்குவது அவருக்கு ஒரு கலை, பெருமை, எல்லாம். அன்று நான் பள்ளிக்கூடத்தில் பயறு கிண்டிக்கொண்டிருந்தேன். என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

"ஒதிலியாம்மா வீடுங்களா? நாளைக்குக் காலைல அவங்க வெறும் வயித்தோட வரணும். அடையாள அட்டை எடுத்துக்கிட்டு, கூட ஒரு ஆளையும் கூட்டிட்டு வரணும்" என்றிருக்கிறது ஒரு இளங்குரல்.

அடையாள அட்டை என்றதுமே செகுந்தோவுக்குப் புரிந்துவிட்டது.

"எந்த ஜெயில்லேர்ந்து பேசுற தம்பி?"

"ஐயா, நான் ஆஸ்பத்திரிலேர்ந்து..."

"போன வாரம் பேங்க்குன்ன. அதுக்கு முன்னாடி, அப்பா வண்டிய இடிச்சுட்டேன்னு அழுத. எனக்குப் புள்ளையே கிடையாதுடா. உள்ள இன்னிக்கு என்ன சாப்பாடு, பீன்ஸா?"

"ஐயா, அம்மாவுக்குக் குழாய் மாத்தணும்ல..."

"என் பொண்டாட்டிக்கு ஒரு குழாயும் வேணாம். அவ கல்லு மாதிரி இருக்கா. இப்பக்கூட குவெக்கா டான்ஸ் ஆடப் போயிருக்கா. உன் சங்காத்தமே எங்களுக்கு வேணாம், வெச்சிடு."

சாயங்காலம் தேநீர் வேளையில் அவர் இதை என்னிடம் நடித்தே காட்டினார். "குழாயாம்ல கிழவி! எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கானுங்க பாரு. ஓட ஓட விரட்டினேன்." ஆஸ்பத்திரி சொன்ன நேரத்துக்குக் கூப்பிடும் என்று எனக்கும் தோன்றவில்லை, சிரிப்பு தாங்கவில்லை. அவருடைய ரொட்டிக்கு இன்னொரு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

தேதி தாண்டி வாரங்கள் போயின. அழைப்பு வரவில்லையே என்று ஆஸ்பத்திரிப் பதிவு ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்த பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ராணி, நீங்க வேணாம்னு சொல்லியிருக்கீங்களே."

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"குடும்பம் சொல்லியிருக்கு. 'பயனாளி நலமாக உள்ளார், குழாய் தேவையில்லை, நடனம் ஆடுகிறார்'னு போட்டிருக்கு. என்ன நடனம் ஆடுறீங்க?"

நான் செகுந்தோ கதையைச் சொன்னேன். அவள் நல்ல பெண், கடைசிவரை கேட்டாள்.

"புருஷன் ஜெயில் திருடன்னு நினைச்சுட்டாருங்கிறதுக்கு கம்ப்யூட்டர்ல இடம் இல்லியே. பட்டியல்லேர்ந்து ஒருத்தர் போனா மூணு காரணம்தான் வரும். ஊர் மாறினார், இறந்தார், மறுத்தார். உங்களுக்கு மறுத்தார் பிடிக்கலன்னா இறந்தார்னு மாத்தலாம். ஆனா அதுக்கு நீங்க வேற ஜன்னலுக்குப் போகணும்."

"மறுபடியும் பட்டியல்ல சேர என்ன செய்யணும்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "விருப்ப மரியாதைக் குழுவைப் பாருங்க."

விருப்ப மரியாதைக் குழு என்பது, சிகிச்சையை மறுக்கிற நோயாளியின் முடிவை யாரும் அவமதித்துவிடாமல் காப்பதற்காக ஆஸ்பத்திரி அமைத்த குழு. நல்ல எண்ணம்தான். ஆனால் ரன்கில்கோவில் யாரும் எதையும் மறுப்பதில்லை. விடிவதற்கு முன்பே வந்து மழையில் வரிசையில் நிற்கிற ஊர் இது. குழு அமைத்து இரண்டு வருடமாகியும் மரியாதை செலுத்த ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை. நான் உள்ளே போனபோது மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். நடுவில் நின்ற தலைவர் டாக்டர் வெர்காராவின் கண் கலங்கியிருந்தது.

"வாங்க ஒதிலியாம்மா, வாங்க. உக்காருங்க. கூக்கென் சாப்பிடுங்க" என்று பழமும் பாலாடையும் அடுக்கிய ஜெர்மன் கேக் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார். என் மாமனாரை எழுப்ப அந்தப் பாலாடை ஒரு கரண்டி போதும்.

"எனக்கு இது ஆகாதுங்க டாக்டர்."

அவர் இடமும் வலமும் திரும்பி மற்ற இருவரையும் பார்த்தார். "பார்த்தீங்களா? எவ்வளவு இயல்பா மறுக்கிறாங்க!"

நான் நடந்ததைச் சொன்னேன். எனக்குக் குழாய் மாற்ற வேண்டும் என்றேன். டாக்டர் வெர்காரா கைகளைக் கோத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"அம்மா, வேணும்னு சொல்ற நோயாளிய யார் வேணும்னாலும் மதிக்கலாம். அதுல என்ன பெருமை? வேணும்னு சொல்றவங்க வெளியில ஆயிரம் பேர் நிக்கிறாங்க, அவங்களுக்காக நாங்க ஒரு நாளாவது கூடியிருக்கமா? நீங்க ஒருத்தர்தான் எங்களுக்கு ஒரு சவால் குடுத்தீங்க. அதை நாங்க கைவிட மாட்டோம்."

"நான் மறுக்கவே இல்லீங்களே."

"எல்லாரும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போகணும்" என்று பக்கத்தில் இருந்த மனநல நிபுணர் கான்ஸ்தான்சா என் கையைத் தொட்டாள். அவள் சின்னப் பெண், கழுத்தில் பெரிய மணிமாலை. "மறுக்கிறவங்க முதல்ல, நான் மறுக்கலன்னுதான் சொல்வாங்க. நாங்க பயிற்சியில படிச்சிருக்கோம். வேணும்னு இப்ப கேக்குறது உங்க பயம். அன்னிக்கு வேணாம்னு சொன்னதுதான் நீங்க."

"அன்னிக்கு சொன்னது என் புருஷன்!"

"அவர் மூலமா நீங்க பேசினீங்க" என்றாள், மிகவும் அன்பாக.

மறுநாள் செகுந்தோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போனார். வாழ்க்கையில் அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "நான் ஒரு முட்டாள்னு எழுதிக்குங்க. எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க, போடுறேன். அவளுக்குக் குழாய மாத்துங்க" என்றிருக்கிறார். குழு அதைக் கவனமாகக் கேட்டு, 'பயனாளி சிகிச்சையை ஏற்கும்படி கணவர் நெருக்குகிறார்' என்று பதிவு செய்தது. அன்றிலிருந்து அவர் 'நெருக்கும் உறவினர்' ஆனார். என்னோடு குழு அறைக்குள் வர அவருக்குத் தடை. வீட்டுக்கு வந்தவர் நேராகக் கொல்லைக்குப் போய், வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத விறகை இருட்டும் வரை வெட்டினார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்த முதுகைப் பார்த்தபோது அதுவும் போய்விட்டது.

அடுத்த வியாழக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் டாக்டர் லேயிவாவுக்காகக் காத்து நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் குடையை மடக்கக்கூட மறந்துவிட்டார்.

"ஒதிலியா! நிஜமாவே வேணாம்னா சொன்னீங்க? மூணு மாசம்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"நான் மறுத்துட்டேனாம் டாக்டர்."

அவர் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நான் மஞ்சளாகத் தொடங்கியிருந்தேன். உடம்பெல்லாம் அரிப்பு, சமையலறை முட்கரண்டியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்த காலம் அது.

"எனக்குக் கை இருக்கு, மெஷின் இருக்கு, புதுக் குழாயும் இருக்கு. உங்க பேர் பட்டியல்ல வந்தாத்தான் நர்ஸும் மயக்க டாக்டரும் அந்த அறைக்குள்ள வருவாங்க. பேர் வரணும்னா குழு கையெழுத்துப் போடணும். நான் ரெண்டு தடவை எழுதிட்டேன். என்னையும் நெருக்குறவங்க பட்டியல்ல சேத்துட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. இது தாங்காது. செத்துப்போயிடுவீங்க."

அன்றைக்கே வீட்டில் கான்ஸ்தான்சா காத்திருந்தாள். என் முடிவில் எனக்குத் துணையிருக்க அவளை வாரத்துக்கு ஒரு நாள் அனுப்ப குழு தீர்மானித்திருந்தது. குழாய் மாற்ற ஆள் வராத ஆஸ்பத்திரியில் குழாய் மாற்றாமல் இருக்கிறவளுக்குத் துணையிருக்க மட்டும் ஆளும் வண்டியும் இருந்தன. மூச்சை எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். எனக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"கடைசி நேரத்துல கேக்குறதுக்கு" என்றாள். கெட்ட பெண் இல்லை. கூக்கென் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள், அதைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன்.

பிறகு ஆஸ்பத்திரி வாசலில் என் படம் ஏறியது. இரண்டு மாடி உயரத் துணிப் பதாகை. நான் குழு அறையில் உட்கார்ந்து வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தபோது எடுத்த படம். கீழே பெரிய எழுத்தில், 'அவர் வேண்டாம் என்றார். நாங்கள் கேட்டோம்.' அச்சடித்தவர் என் முகத்தில் நிறம் தவறாக விழுந்திருக்கிறது என்று நினைத்து, மஞ்சளைத் திருத்தி ரோஜா நிறமாக்கிவிட்டார். நான் இருபது வயதில்கூட அவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை. வரிசையில் நிற்கும் ஊர்ச்சனங்கள் பதாகையைப் பார்ப்பார்கள், அதன் அடியில் மழைக்கு ஒதுங்கியிருக்கும் என்னைப் பார்ப்பார்கள். "அந்தம்மா உங்க தங்கச்சியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அந்தப் பதாகைக்குக் காரணம் இருந்தது. நோயாளியின் விருப்பத்தை மதிப்பதில் முன்மாதிரி ஆஸ்பத்திரி என்று எங்களுடையதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விருது கொடுக்கப் பிராந்தியச் சுகாதாரச் செயலரே வருகிறார். என்னை மேடையில் ஏற்றி, நான் ஏன் மறுத்தேன் என்று நாலு வார்த்தை பேச வைப்பதாக ஏற்பாடு. விழா ஒரு வியாழக்கிழமை.

அதற்கு முந்தின நாள் மதியம், பள்ளிக்கூடத்தில் பெரிய பானை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது எனக்குக் குளிரத் தொடங்கியது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றும் பல் கிட்டித்தது. செகுந்தோ விறகு வண்டியிலேயே என்னை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த இளம் டாக்டர் என் எண்ணைத் தட்டியதும் திரை சிவப்பாகிவிட்டது.

"உங்களைத் தொடக் கூடாதுன்னு வருதும்மா. 'விருப்பம் மதிக்கப்படுகிறது'ன்னு வருது" என்றார். வெட்கப்பட்டார், அதைச் சொல்ல வேண்டும். காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். போர்வை ஒன்றும் கொடுத்தார், அது கணக்கில் வராதாம்.

வீட்டில் அடுப்புக்கு முன்னால் அந்தப் போர்வையோடு உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. செகுந்தோ சூப் கிண்ணத்தோடு வந்தார். அதைக் கையில் வாங்கினேன், அப்புறம் திருப்பிக் கொடுத்தேன். இத்தனை மாதமாக அவர்களிடம் வேணும் வேணும் என்று கெஞ்சியிருக்கிறேன். அந்த ஒரு சொல்தான் அவர்களுக்குக் கேட்கவே இல்லை. இன்னொரு சொல் அவர்களுக்கு நன்றாகக் கேட்கும், இரண்டு மாடி உயரத்துக்கு எழுதியே வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவ்வளவு நோயிலும் ஒரு தெம்பு வந்தது.

"கிழவா, என் நகப்பூச்ச அழிக்கிற மருந்து எங்க?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சூப்பை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு, மருந்தைத் தேடிக்கொண்டு வந்தார்.

விழா, காத்திருப்போர் கூடத்தில். ஆஸ்பத்திரியில் நாற்காலி போட்ட பெரிய இடம் அது ஒன்றுதான். வந்திருந்த பெரிய மனிதர்களுக்கு முன்வரிசை வேண்டும் என்பதால் நோயாளிகளை எழுப்பிச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். அவர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை, ஜன்னல் திறக்கிற வரை நின்றே ஆக வேண்டும். தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு கேமராக்களோடு வந்திருந்தார்கள். நான் மேடையில் கான்ஸ்தான்சாவுக்கும் பூச்செண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். குளிர் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. செகுந்தோ ஒரு பையோடு கடைசியில் நின்றார், நெருக்கும் உறவினர் என்பதால்.

முதலில் செயலர் பேசினார். "இந்தப் பிராந்தியத்துல காத்திருப்போர் பட்டியல் ஒரு பெரிய தலைவலி. கட்டில் கேக்குறாங்க, டாக்டர் கேக்குறாங்க. எங்கேருந்து குடுக்குறது? இந்த ஆஸ்பத்திரி ஒரு கட்டில்கூட வாங்காம, ஒரு டாக்டரக்கூட சேக்காம, வழிகாட்டியிருக்கு. ஒவ்வொரு நோயாளிக்கும் நம்ம ஒதிலியாம்மாவோட மன உறுதி இருந்தா, நண்பர்களே, நமக்குப் பட்டியலே இருக்காது!"

முன்வரிசை கைதட்டியது. சுவரோரம் யாரும் தட்டவில்லை.

அடுத்து டாக்டர் வெர்காரா. "ஒரு நோயாளி வேணாம்னு சொன்னா, அது எங்களுக்கு வேதவாக்கு. ஏன்னு கேக்க மாட்டோம். சந்தேகப்பட மாட்டோம். அவங்க குடும்பமே வந்து கால்ல விழுந்தாலும் அசைய மாட்டோம். வேணாம்ங்கிற சொல்லு இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு நாளும் தோத்ததில்ல." அவர் குரல் தழுதழுத்தது. "அம்மா, நீங்களே சொல்லுங்க."

மைக் என் கைக்கு வந்தது.

"டாக்டர் சொன்னது சத்தியம்" என்றேன். "நான் ஒரு தடவ வேணாம்னு சொன்னதா கேள்விப்பட்டதுக்கே என்னை இவ்வளவு மதிச்சாங்க. அதனால இன்னிக்கு நான் நேர்லயே, என் வாயாலயே, கேமரா முன்னால மறுக்கப்போறேன்."

டாக்டர் வெர்காரா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வீட்டுக்குப் போக மறுக்கிறேன்."

ஒரு கேமரா என் முகத்துக்குக் கிட்டே வந்தது.

"இந்த மேடையை விட்டு நடந்து இறங்க மறுக்கிறேன். ஸ்ட்ரெச்சர் வந்தாத்தான் இறங்குவேன். அது மேல டாக்டர் லேயிவா அறைக்குப் போகாம வேற எங்க போனாலும் மறுக்கிறேன். மெஷின் சரியில்லன்னா அதையும் மறுக்கிறேன். இன்னொரு நாள் வான்னா அதையும் மறுக்கிறேன். அடைச்சுப்போன குழாயோட சாகுறதுக்கு மறுக்கிறேன். நேத்து மதியத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடல. மோதிரம் கழட்டிட்டேன். கூட வர ஆள் அங்க நிக்கிறார். எழுதிக்குங்க டாக்டர். மூணு பேரும் கையெழுத்துப் போடணும்ல?"

டாக்டர் வெர்காரா மைக்கைப் பிடித்தார், என் கையோடு சேர்த்து. "அம்மா, இது... இது மறுப்பு மாதிரி இருக்கு, ஆனா உள்ளுக்குள்ள வேணும்ங்கிறது ஒளிஞ்சிருக்கு."

"ஏன்னு கேக்க மாட்டோம், சந்தேகப்பட மாட்டோம்னு இப்பத்தானே டாக்டர் சொன்னீங்க?"

சுவரோரத்திலிருந்து ஒரு கிழவர், இடுப்பு வலிக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர், "அந்தம்மா வேணாங்குதுல்ல! காது கேக்கலையா?" என்று கத்தினார்.

கேமராக்கள் செயலர் பக்கம் திரும்பின. அவர் நிலைமையைச் சட்டென்று எடைபோட்டார், அந்தத் திறமை இல்லாமல் அந்தப் பதவிக்கு வர முடியாது. எழுந்து நின்று, "இதுதான் விருப்பத்துக்கு மரியாதைங்கிறது!" என்று கைதட்டினார். செயலர் தட்டினால் முன்வரிசை தட்ட வேண்டும். குழு பூச்செண்டுக்குப் பின்னால் ஒதுங்கி அங்கேயே கூடியது. என்னுடைய மறுப்பு ஒருமனதாக மதிக்கப்பட்டது. கான்ஸ்தான்சா மட்டும் கையெழுத்துப் போடும்போது அழுதாள், நிம்மதியிலா வேறு எதனாலா என்று தெரியவில்லை.

ஸ்ட்ரெச்சர் வந்தது. செயலர் கேமராவுக்காக அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் முழுவதும் கூடவே ஓடினார். மறுமுனையைச் செகுந்தோ பிடித்திருந்தார். அவரைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. டாக்டர் லேயிவா கையுறையை மாட்டியபடியே கதவருகில் நின்றிருந்தார். "பட்டியல்ல பேர் வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார். வாழைப்பழ மருந்து தொண்டையில் பட்டபோது எனக்கு அவ்வளவு ருசியாக இருந்தது.

விழித்ததும் முதலில் வயிற்றைக் கேட்டேன். மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் லேயிவா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், களைத்துப்போயிருந்தார். "பழைய குழாய் முழுக்கக் கருஞ்சேறு. இழுத்ததும் சீழ் கொட்டுச்சு. நாளைக்குன்னு விட்டிருந்தா நான் உங்களைப் பார்த்திருக்க மாட்டேன். புதுசு வெச்சிருக்கேன், மருந்து ஏறிக்கிட்டு இருக்கு. பேசாதீங்க, தொண்டை புண்ணா இருக்கும்." செகுந்தோ என் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விசும்பினார். இந்தத் தடவையும் அவர்தான் அழுதார்.

அப்போது கீழே கூடத்திலிருந்து ஒரு இரைச்சல் எழும்பி வந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. மருந்து பாட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்த நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப்பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"ஜன்னல் திறந்ததும் வரிசையில நின்ன அத்தனை பேரும் மறுக்கிறாங்க ராணி. இடுப்பு வலித் தாத்தா, வீட்டுக்குப் போக மறுக்கிறேன்னு தரையில படுத்துட்டாரு. கண்ணுல புரை விழுந்த அம்மா ஒண்ணு, குருடாகுறதுக்கு மறுக்கிறேன்னு சொல்லுது. டிவிக்காரங்க இன்னும் போகல."

சற்று நேரத்தில் டாக்டர் வெர்காரா வந்தார். கழுத்துப் பட்டை அவிழ்ந்து தொங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு வருடம் ஆளே கிடைக்காமல் உட்கார்ந்திருந்த மனிதர், ஒரே பிற்பகலில் அவருக்கு இவ்வளவு ஆட்கள்.

"ஒதிலியாம்மா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்குறேன். நாங்க மூணே பேர். எங்களால முடியாது. உங்க பேச்சைத்தான் அவங்க கேப்பாங்க. ஒரே ஒரு வார்த்தை, எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிடுங்க. சொல்றீங்களாம்மா?"

தொண்டை எரிந்தது, குரல் வரவில்லை. தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டினேன்.